மணி அடிக்கிறான் மணி... கதவைத் திறங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. விடியற்காலை ஐந்தரை மணி. வாசல் தெளிக்க வாளியோடு கிளம்பிய அப்பாயி, கூடத்து டைல்ஸ் தரையில் கால் வைத்தார். சர்ரென்று வழுக்கியது. நல்லவேளை, கதவு நிலை கைக்கு எட்டியது. வாளி உருண்டது, இடுப்பு தப்பித்தது.

மூலையில் இரண்டரை மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று, வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றது. பெயர் மணி. தமிழ்நாட்டில் நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

“தம்பி, இதை யாருக்காச்சும் குடுத்துருப்பா. எனக்கு வயசு எழுவத்திரெண்டு. இடுப்பு ஒடிஞ்சா யார் பாக்குறது?”

“ஞாயித்துக்கிழமை வயலுக்குப் போறப்ப பம்புசெட்டுல விட்டுட்டு வந்துடுறேம்மா.”

பள்ளிக்கூடப் பையோடு நின்ற பேத்திதான் சொன்னாள்: “அது வேணும்னா பண்ணுது அப்பாயி? வெளிய போகணும்னு அதுக்குச் சொல்லத் தெரியலை. அவ்வளவுதான்.”

மொத்த விஷயமும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஆசையாக வாங்கி வந்த குட்டியை ஆற்றங்கரையிலும் சந்தைப் பக்கத்திலும் கொண்டுபோய் விடுவதற்கு வீடுகளில் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று, ‘வீட்டுக்குள்ளேயே அசிங்கம் பண்ணுது’ என்பதுதான். அப்படி விடப்படும் குட்டிக்குத் தடுப்பூசி முடிந்திருக்காது. சோறு தேடத் தெரியாது. லாரிக்கும் பெரிய நாய்களுக்கும் தப்பிப் பிழைத்தால், அதுவே நாளைக்குத் தெருநாய்க் கூட்டத்தில் இன்னொன்று. ஒரு மணியும் சில வாரப் பொறுமையும் இருந்தால் தவிர்த்துவிடக்கூடிய துயரம் இது.

கதவு வந்தது... கேள்வி வந்தது!

நம் தாத்தா காலத்து டெல்டா வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கடைசியில் கொல்லை. நாய் திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும். மிச்சச் சோறு கொல்லைப்புறம். வாய்க்கால் கரை அதன் உலகம். வெளியே போக வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. அது இருந்ததே வெளியில்தான்.

இன்று முற்றத்தை மூடி கிரில் போட்டாயிற்று. கொல்லை, கார் ஷெட் ஆகிவிட்டது. மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் இரண்டாவது மாடியில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். நாய் உள்ளே வந்துவிட்டது. அதற்கும் மண்ணுக்கும் நடுவில் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவும் வந்துவிட்டது. தாழ்ப்பாளைத் திறக்க நாய்க்குக் கையில்லை. திறக்கச் சொல்ல வாயில்லை. ஆகவே, அதற்கு ஒரு மொழியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

திருவாரூரில் அடித்த மணி

விலங்கு மணியடித்து மனிதனைக் கூப்பிட்ட கதை நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை, கன்றை இழந்த பசு கொம்பால் அசைத்தது என்கிறது திருவாரூர்க் கதை. பெரியபுராணம் அதை விரிவாகச் சொல்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தேரை இன்றும் பார்க்கலாம். கடல் தாண்டி இலங்கையின் மகாவம்சமும், சோழ நாட்டிலிருந்து போய் ஆண்ட எல்லாளன் மன்னனைப் பற்றிக் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்கிறது.

அந்தக் கதையில் பசுவின் கெட்டிக்காரத்தனத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மணிச் சத்தம் கேட்டதும் ராஜா எழுந்து வந்தான். வராமல் இருந்திருந்தால், அது வெறும் வெண்கலம். நாய்க்கு மணி பழக்குவதன் பாதி ரகசியம் இதுதான். பழக வேண்டியது நாய் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும்தான்.

அது ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது

2003-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஆடம் மிக்லோஷி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எடுக்க முடியாதபடி வைக்கப்பட்ட தீனியை நாய்களிடமும், மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடமும் காட்டினார்கள். ஓநாய்கள் தாங்களாகவே முட்டி மோதிக்கொண்டிருந்தன. நாய்களோ சீக்கிரமே திரும்பி, பக்கத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தன. ‘என்னால் முடியலை, நீதான் செய்யணும்’ என்று கேட்கும் அந்தப் பார்வை, நாய் இனத்துக்கு நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த சொத்து.

ஆகவே, மணி கட்டுவதற்கு முன் ஒரு வாரம் குட்டியைக் கவனியுங்கள். விளையாட்டைப் பாதியில் நிறுத்தும். தரையை மோப்பம் பிடித்துக்கொண்டே வட்டமடிக்கும். கதவைப் பார்க்கும், பிறகு உங்களைப் பார்க்கும். திடீரென்று சோபாவுக்குப் பின்னால் காணாமல் போகும். இவையெல்லாம் விண்ணப்பங்கள்தான். நாம் செல்போனில் தலையைக் கவிழ்த்திருக்கும்போது சத்தமில்லாத விண்ணப்பம் கண்ணில் படுவதில்லை. அதற்குச் சத்தம் கொடுப்பதுதான் மணியின் வேலை.

முதலில் கடிகாரம்... பிறகுதான் மணி!

அடக்கும் சக்தியே வராத குட்டிக்கு மணி கட்டிப் பயனில்லை. குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அது தாக்குப்பிடிக்கக்கூடிய மணி நேரத்தின் உச்ச வரம்பு ஏறக்குறைய அதுதான். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்பதே அதிகம். விழித்திருந்து விளையாடும்போது இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

வெளியே அழைத்துப் போக வேண்டிய நேரங்கள்:

• தூங்கி எழுந்த உடனே. பகல் குட்டித் தூக்கத்துக்கும் இது பொருந்தும்.

• சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடங்களுக்குள். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கிவிடும்.

• ஓடி ஆடி விளையாடி முடித்ததும்.

• இரவு விளக்கை அணைப்பதற்கு முன். சின்னக் குட்டி என்றால் நள்ளிரவில் இன்னொரு முறை.

ஒரே கதவு, ஒரே வழி, ஒரே இடம். கயிற்றில் பிடித்துக்கொண்டு போய், சும்மா நில்லுங்கள். கொஞ்ச வேண்டாம், பேச வேண்டாம். காரியம் முடிந்த அந்த நொடியே ஒரு பாராட்டு, ஒரு துண்டு தீனி. வேகவைத்த கோழி, முட்டை எதுவும் சரி. சைவ வீட்டில் வெந்த கேரட் அல்லது பூசணித் துண்டு போதும். வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், ‘உள்ளே வந்ததற்குப் பரிசு’ என்று புரிந்துகொள்ளும். இடத்திலேயே கொடுப்பதுதான் கணக்கு.

சாப்பாடும் நேரத்துக்கு இருக்க வேண்டும். தட்டில் நாள் முழுக்கச் சோறு கிடந்தால், வெளியேறுவதும் நாள் முழுக்க நடக்கும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தஞ்சாவூர் வெயிலில் அது ஆபத்து.

மணி கட்டும் முறை

பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது. இங்கே மணியைக் கதவில் கட்டினால் போதும். பொங்கல் நேரத்தில் கடைத்தெருவில் தொங்கும் மாட்டு மணி ஒன்று தாராளம். சின்னச் சலங்கை வேண்டாம். அதன் பிளவில் நகம் மாட்டிக்கொள்ளும். கழன்று விழுந்தால் குட்டி விழுங்கிவிடும்.

முதல் படி: மணியைக் கையில் பிடித்துக் குட்டியின் மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். என்னவென்று மோந்து பார்க்க வரும். மூக்குப் பட்டு மணி அசைந்ததும் ஒரு துண்டு தீனி. ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று நிமிடம். நாளைக்கு இரண்டு, மூன்று தடவை. சத்தத்துக்குப் பயப்படும் குட்டி என்றால், மணியின் நாக்கில் துணியைச் சுற்றிச் சத்தத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கையில் பிடித்த மணியை ஆவலோடு தொட ஆரம்பித்ததும், அதே மணியைக் கதவோரம் குட்டியின் மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். விரலால் காட்டுங்கள். தொட்டால் தீனி.

மூன்றாம் படி: இங்கேதான் பாடம் மாறுகிறது. இனி ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும், கதவுக்கு முன்னால் ஒரு நொடி நில்லுங்கள். குட்டி மணியைத் தொடட்டும். தொட்டதும் கதவு திறக்க வேண்டும். தீனி இப்போது இங்கே கிடையாது. வெளியே காரியம் முடிந்த பிறகுதான். மணியின் பலன் பண்டம் அல்ல, திறக்கும் கதவு என்று அதற்குப் புரிய வேண்டும்.

நான்காம் படி: காத்திருப்பது. ஒரு நாள், யாரும் சொல்லாமலே மணி அடிக்கும். குக்கர் மூன்றாவது விசில் விட்டாலும், சீரியலில் உச்சக்கட்டம் என்றாலும், எழுந்து ஓடுங்கள். அந்த முதல் சில அழைப்புகளுக்குப் பதில் கிடைத்தால் பாடம் நிலைக்கும். கிடைக்காவிட்டால் குட்டி அதைக் கைவிட்டுவிடும். சில குட்டிகளுக்கு ஒரு வாரம் போதும். சிலவற்றுக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். விலையுயர்ந்த சாதி நாய்தான் கற்கும் என்றில்லை. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தெருவில் கண்டெடுத்த குட்டியோ, எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே சத்தம் எழுப்பியது மனிதன். எச்சில் ஊறியது நாய்க்கு. இங்கே சத்தம் எழுப்புவது நாய். அதைக் கேட்டுத் துள்ளி எழுபவர் நீங்கள். யார் யாரைப் பழக்கினார்கள் என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறங்கள்.

மணி அடித்து ஏமாற்றினால்?

கட்டாயம் ஏமாற்றும். மணி அடித்தால் கதவு திறக்கும் என்று தெரிந்துவிட்டால், எதிர்வீட்டுக் கோழியைப் பார்க்கவும் அடிக்கும். கோபப்பட வேண்டாம். மணியைக் கழற்றவும் வேண்டாம். கயிற்றைப் போட்டு நேராக அந்த வழக்கமான இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிடம் மரம் மாதிரி நில்லுங்கள். கோழியும் இல்லை, விளையாட்டும் இல்லை. போனால் பாராட்டு. போகாவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே திரும்புங்கள். சில நாள்களில், ‘இந்த மணி அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான்’ என்று விளங்கிவிடும்.

மூக்கைத் தேய்க்காதீர்கள்

வீட்டுக்குள் போய்விட்டதா? குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது, விளக்குமாற்றால் ஒன்று போடுவது... இந்தப் பழைய வைத்தியத்தால் அது கற்பது ஒன்றே ஒன்றுதான். ‘இவர்கள் கண்ணெதிரே போகக் கூடாது.’ பிறகு கட்டிலுக்கு அடியில் போகும். வெளியே கூட்டிப் போனாலும் உங்கள் முன்னால் போகாமல் அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து ஒளிந்து போகும்.

‘தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, முழியைப் பாருங்க’ என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்ற உணர்ச்சி முகம், நாய் உண்மையில் தப்பு செய்ததா என்பதைப் பொறுத்து வரவில்லை; எஜமானர் திட்டுவதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது அப்படித்தான் முழித்தது. காலையில் அப்பாயி வழுக்கியபோது மணி வாலைச் சுருட்டியதும் வாளி உருண்ட சத்தத்துக்குத்தான்.

கையும் களவுமாகப் பிடித்தால், கைதட்டிக் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். மற்றதெல்லாம் துடைக்கும் வேலைதான். துடைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மூக்குக்கு ஃபீனாயில் வாசம் வந்ததும் சுத்தம் என்று நினைக்கிறோம். நாயின் மூக்குக்கு அடியில் இருக்கும் பழைய வாசம் தெரியும். ‘இதுதான் நம் கழிப்பறை’ என்று திரும்ப வரும். தவிர, ஃபீனாயில் ஈரத்தை மிதித்துப் பாதத்தை நக்கினால் உடம்புக்குக் கெடுதல். அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம். அதன் வாசனையே சிறுநீரைப் போலத்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைத்துக் காயவிடுங்கள்.

அடைமழையும் சம்பா வயலும்

மணி அடித்தாயிற்று, கதவும் திறந்தாயிற்று. வெளியே என்ன இருக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா முழுக்கத் தண்ணீர். நாய் வாசற்படியில் நின்று மழையைப் பார்த்துவிட்டு, நம்மைப் பார்க்கும். திரும்பி வந்து கூடத்தில் போய்விடும். மழைக்காலத்துக்கு முன்பே, தாழ்வாரத்தின் கீழோ தகரக் கொட்டகையின் கீழோ மணல் கொட்டிய மேடு ஒன்றைத் தயார் செய்துவிடுங்கள். அதன் வழக்கமான இடத்திலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து அதில் தூவினால், வாசம் பிடித்துப் புரிந்துகொள்ளும்.

தேங்கிய தண்ணீரில் இன்னோர் அபாயம், எலிக் காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீர் வழியாகச் சேற்றிலும் தண்ணீரிலும் கலக்கும். நாய்க்கும் வரும், நோய் வந்த நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் வரலாம். வீட்டுக்குள் போனதைத் துடைக்கும்போது கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொள்வது இதனால்தான். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் பல தவணைகளாகப் போகும். ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாதத்தில். பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல். தவணைகள் முடியும்வரை, வேறு நாய்கள் புழங்கும் தெருவில் விடாமல் உங்கள் வாசலோ மொட்டை மாடியோ போதும்.

இரவு மணி அடித்தால் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். வயலோர ஊர்களில் கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் இரவில்தான் நடமாடும். காலில் செருப்பு, கையில் வெளிச்சம், நாய் கயிற்றில்.

சித்திரை வெயிலில் வேறு கணக்கு. புறங்கையைச் சிமென்ட் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால், அதன் பாதத்தாலும் முடியாது.

இன்னொன்று, கோலம். பக்கத்து வீட்டு அக்கா குனிந்து நிமிர்ந்து போட்ட இழைக்கோலத்தில் உங்கள் நாய் காரியத்தை முடித்தால், இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும். பழைய செய்தித்தாளோ கவரோ எடுத்துப் போய் அள்ளிவிடுங்கள். நாய்க் கழிவிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். அதே மண்ணில்தான் குழந்தைகள் விளையாடுகின்றன. குட்டிக்குக் குடற்புழு மருந்தையும் தள்ளிப்போடக் கூடாது.

பட்டன் அமுக்கும் நாய்கள்

மணிக்கு அடுத்த கட்டமும் உலகத்தில் வந்துவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டினா ஹங்கர், குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். 2018-ல், ஸ்டெல்லா என்ற தன் குட்டிக்கு, அழுத்தினால் குரல் வரும் பட்டன் ஒன்றைக் கொடுத்தார். அதில் பதிவு செய்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘வெளியே’. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள், இப்படிப் பட்டன் பழகிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ‘வெளியே’, ‘விளையாட்டு’ என்ற சொற்களை மனிதர் வாயால் சொன்னாலும், பட்டன் சொன்னாலும், அவை பொருத்தமாகவே நடந்துகொண்டன. அப்பார்ட்மென்ட்டில் மணிச் சத்தம் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யும் என்றால், இந்தப் பட்டன் ஒரு வழி. பழக்கும் முறை அதே நான்கு படிகள்தான்.

மணி அடிக்கடி அடித்தால்...

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போனாலோ, மணியைப் பத்து தடவை அடித்தாலோ, அதை அடம் என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆண் நாய் முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டு வரவில்லை என்றால் அது அவசரம். மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் கழிந்த சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் போய், சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் உயிருக்கு ஆபத்துதான். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில், 2012-ல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலும் காட்டலாம். மணி பழகிய நாய்க்கு இது ஒரு கூடுதல் லாபம். வயிற்று வலியைக்கூட அது வாசலில் வந்து சொல்லிவிடும்.

நம் மணியின் கதைக்கு வருவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பம்புசெட் பயணம் தள்ளிப்போனது. “ஒரு மாசம் டைம் குடுப்பா” என்று பேத்தி அப்பாவிடம் வாய்தா வாங்கியிருந்தாள். மாட்டு மணி கதவோரம் தொங்கியது. அப்பாயி அதைப் பார்த்து, “ஆமா, இது பெரிய மனுநீதிச் சோழன் அரமணை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது வாரம். பின்னிரவு நாலரை மணி. வீடே உறக்கத்தில். கூடத்தில் ‘டிண்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு ‘டிண்’. யாருக்கும் கேட்கவில்லை. வயதானவர்களுக்கு அந்த நேரத்தில் தூக்கம் ஏது?

“வந்துட்டேன் இருடா...” என்றபடி, அப்பாயி தலைமாட்டில் டார்ச்சைத் தேடினார்.